எலியாவின் மிஷினை ஓட்டியவர்

சூளகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே குடிக்கும் டீயோடு சேர்த்து இலவசமாகக் கிடைத்த செய்தி இது: பிரஸ் ஷாப் பிரேம்குமார் வேதத்தில் சேர்ந்துவிட்டான். ஓடுகிற மிஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்தான். மிஷின் ஆமென் சொல்லிவிட்டது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

செய்தியை வாங்கியவர்கள் அவரவர் வசதிக்கு அதைக் கொஞ்சம் வளர்த்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்றார் ஒருவர். இனிமேல் அவன் பேரே வேறு என்றார் இன்னொருவர். அந்தப் புதுப் பேர் என்ன என்று கேட்டதற்கு, அது இன்னும் முடிவாகவில்லை என்றார்.

இதில் விரல் போனது நிஜம். மீதியைச் சரிபார்க்க, வதந்தி வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டியிருந்தது. டீக்கடைக்காரருக்குச் சொன்னது கம்பெனி பஸ் டிரைவர். டிரைவருக்குச் சொன்னது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ராமப்பன். நிஜம்தானா என்று கேட்டால் ராமப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானேன் சுள்ளு ஹேள்தீனா?" என்று கன்னடத்தில் முறைத்துவிட்டு, நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று அதையே தமிழிலும் ஒருமுறை முறைத்தார். "எச்.ஆர். மேடமே சொன்னாங்க." எச்.ஆர். மேடம் பிரியதர்ஷினிக்கு யார் சொன்னார்கள்? "அவரே சொன்னார் சார். என் காதால கேட்டேன்."

அவர் என்றால் பிரேம்குமார். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டு, அதற்குள்ளேயே குடியும் போய்விட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பிரேம்குமார் பர்கூர் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பா கிரானைட் குவாரியில் கல் பிளந்தார். கல்லின் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகன் கல் பக்கமே போகக்கூடாது என்பது அவர் வைத்துவிட்டுப் போன ஒரே உத்தரவு. மகன் ஐ.டி.ஐ. படித்தார், ஓசூருக்கு வந்தார், ஹெல்பர் ஆனார், ஆபரேட்டர் ஆனார், நாற்பதை எட்டும்போது லைன் லீடர் ஆனார். நீலச் சட்டை போய்ச் சாம்பல் சட்டை வந்தது.

லைன் லீடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே இருந்து வரும் திட்டைக் கீழே பத்திரமாக இறக்கிவைக்கிற பதவி. அதை அவர் மனசாட்சியோடு செய்தார். அவர் லைனில் கார் கதவுக்கான இரும்புத் தகடுகளை வளைக்கிற பிரஸ்கள் வரிசையாக நிற்கும். ஆபரேட்டர் எவனாவது கண் சொருகினால், எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டைத் தண்ணீரில் நனைத்துப் பின்கழுத்தில் வைத்துவிடுவார். "பிரேமண்ணன் வேஸ்ட்டு வெச்சா பொணங்கூட எந்திரிச்சு டார்கெட்ட முடிச்சிட்டுத்தான் படுக்கும்" என்று பையன்கள் சொல்லிக்கொள்வார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த பிரஸ்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன்கள், தள்ளித் தள்ளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அடி இறங்கும். கைகள் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. ஆகவே ஒரு பட்டனில் சின்ன மர ஆப்பு ஒன்றைச் செருகிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். ஆடிட் வருகிற நாளில் ஆப்புகள் எல்லாம் பேன்ட் பாக்கெட்டுக்குப் போய்விடும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பி வரும். டார்கெட்டைக் கணக்குப் போட்டவர்கள் ஆப்பு இருக்கிற நாளில்தான் போட்டார்கள். அதனால் ஆப்பு இல்லாமல் அந்தக் கம்பெனியே ஓடாது. இது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான், இவர்களிடம் தகடு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, உங்கள் தொழிலாளர்களின் நலவாழ்வுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டது. உடனே கேண்டீன் ஹாலில் பேனர் கட்டப்பட்டது: 'தலைமைப் பண்பும் நலவாழ்வும் – பைபிள் தரும் பாடங்கள்.' வகுப்பெடுக்க பெங்களூரிலிருந்து ஸ்டான்லி சார் வந்தார். ஓய்வின் அருமையைப் பற்றிய அந்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, வார ஓய்வு நாளில் வைக்கப்பட்டது. வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு வெட்டு.

வாசலில் முதலுதவி அறை நர்ஸ் சுவாதி எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாள். பிரேம்குமாரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தவள் முகம் சுளித்தாள்.

"நல்லாத் தூங்கணும்ணா."

"எப்பம்மா?"

"நைட்டுதான்."

"நைட்டு ஷிப்டுலயா?"

சுவாதி பட்டையைக் கழற்றினாள். அடுத்தவர் கையைக் கேட்டாள்.

ஸ்டான்லி சார் முதலில் மோசேயைப் பற்றிச் சொன்னார். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தாராம். பார்க்க வந்த மாமனார், இப்படியே போனால் நீயும் தளர்ந்துபோவாய், ஜனமும் தளர்ந்துபோகும், பத்துப் பேருக்கு ஒரு தலைவனை வை என்றாராம்.

"மாமனாரு பேச்சக் கேட்ட ஒரே தலைவரு இவருதான் போலருக்குது" என்றார் பக்கத்தில் இருந்த மணிவேல். அடுத்த லைனின் லீடர். பின்வரிசை சிரித்தது. பிரேம்குமாரும் சிரித்தார். அதுவரை அவர் பிரியாணி எத்தனை மணிக்கு என்கிற நினைப்பில்தான் இருந்தார்.

அடுத்து எலியா வந்தார். பெரிய தீர்க்கதரிசி. வானத்திலிருந்து நெருப்பையே இறக்கிக் காட்டியவர். அதற்கு மறுநாள், ராணி ஒருத்தி கொன்றுவிடுவேன் என்றதும் பயந்து வனாந்தரத்துக்குள் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அப்போது ஒரு தூதன் வந்தான்.

"வந்து என்ன செஞ்சான் தெரியுமா?" என்றார் ஸ்டான்லி சார். "திட்டினானா? அட்வைஸ் பண்ணினானா? இல்ல. மெதுவாத் தொட்டான். எழுந்து சாப்பிடுன்னான். தணல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணி. சாப்பிட்டார். மறுபடியும் தூங்கவிட்டான். மறுபடியும் தொட்டு எழுப்பி, மறுபடியும் சோறு."

பிரேம்குமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுச் சாமி முனியப்பன். முனியப்பன் கோபக்காரர், கையில் அரிவாள். தூங்குகிறவனைத் தொட்டுச் சோறு போட்டு மறுபடியும் தூங்கவிட்டதாக ஒரு சாமி கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. தன் கையில் அந்த ஈர வேஸ்ட்டின் சில்லிப்பு ஏறுவதுபோல இருந்தது. எழுந்து நின்றார்.

"சார், ஒரு டவுட்டு. அவரு தூங்கிட்டாரு, சரி. அவரு வேலைய அந்நேரம் யாரு பாத்தாங்க?"

ஹால் சிரித்தது. ஸ்டான்லி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அருமையான கேள்வி. அங்கதான் லீடர் வர்றார். டீம்ல ஒருத்தர் ஓய்வெடுக்கும்போது அவர் சுமைய லீடர் தன் தோள்ல வாங்கிக்கணும். சாருக்கு எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். அந்தப் பதில் எலியா கதையில் எங்கும் இல்லை. ஸ்டான்லி சாருக்குப் பசித்தது, அவ்வளவுதான். ஆனால் பிரேம்குமாருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஹால் கைதட்டியிருந்தது. அந்தப் பதிலைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாளிலிருந்து ஈர வேஸ்ட் நின்றது. கண் சொருகுகிறவன் தோளை மெல்லத் தொட்டார். தண்ணீர் குடிச்சிட்டு வா என்றார். பையன்கள் பயந்துபோனார்கள். "அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ வந்துட்டுது, டாக்டரு நாள் குறிச்சிட்டாரு போல" என்று பேச்சு கிளம்பியது. வீட்டிலும் ரூபா சந்தேகப்பட்டாள். "என்னா, ரெண்டு நாளா என்னையத் திட்டவே காணோம்?"

அந்த லைனில் கோவிந்தப்பன் என்று ஒருவன். நாட்றாம்பாளையத்துக்காரன், இருபத்தாறு வயது, கான்ட்ராக்ட். காட்டோரம் இருந்த கொஞ்ச நிலத்தில் யானையும் பன்றியும் விட்டுவைத்ததை வைத்துப் பிழைக்க முடியாமல் இறங்கி வந்தவன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு விதி: ஷிப்டு முடிந்து மாற்று ஆள் வரவில்லை என்றால் நீயே தொடர வேண்டும். மாட்டேன் என்றால் அடுத்த வாரம் உனக்கு டூட்டியே இல்லை. அவன் மிஷினுக்கு மாற்று ஆள் வருவதே அபூர்வம். விரல் போன அன்று அவன் தொடர்ந்து மூன்றாவது நாளாக டபுள் டூட்டியில் இருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தகட்டோடு சேர்ந்து அவன் தலையும் மிஷினுக்குள் குனிவதை பிரேம்குமார் பார்த்தார். போய்த் தோளைத் தொட்டார். கோவிந்தப்பன் பதறி எழுந்து, பழக்கத்தில் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டான்.

"தூங்கலண்ணா. சும்மா கண்ண மூடனேன்."

"வாடா எங்கூட."

"ரிப்போர்ட்டு பண்ணிடாதீங்கண்ணா. கான்ட்ராக்டரு கேட்டோட அனுப்பிடுவான்."

"வான்றேன்."

ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். கேண்டீனிலிருந்து இரண்டு பன்னும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "தின்னு. தூங்கு. நான் வந்து தொடுவேன். எந்திரிச்சு இன்னொரு பன்னத் தின்னுட்டு மறுபடி தூங்கு."

கோவிந்தப்பன் பன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எம் மிஷினு?"

"நான் பாத்துக்கறேன்."

கோவிந்தப்பனுக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பக்கத்துப் பிரஸ் ஷாப்புகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் டூட்டியை இன்னொருவன் செய்தால் அது கடன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைப்பதற்குள் அதைத் திருப்பிவிட வேண்டும். பாக்கி வைத்துக்கொண்டு மிஷினைத் தொட்டுக் கும்பிட்டால் அது கையைக் கேட்கும் என்பார்கள்.

"அப்ப ஞாயித்துக்கெழம ஓ.டி. உங்களுக்குப் பதிலா நான் பாக்கறண்ணா. உங்களுக்கு ஒரு ஞாயிறு பாக்கி."

"சரி, பாக்கி. படு."

பிரேம்குமார் போய் அந்த மிஷினில் உட்கார்ந்தார். அவரும் முந்தைய ஷிப்டிலிருந்தே நிற்கிறவர்தான்; இன்னொரு லைன் லீடர் லீவு. சுவாதி பார்த்த பிரஷர் அவருக்குள் அப்படியே இருந்தது. ஆப்பைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிடுங்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மேலே இருப்பவர் வருவார். வந்தால் கோவிந்தப்பன் எங்கே என்பார். ஆப்பு அங்கேயே இருந்தது.

தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. தகடு, பட்டன், அடி. தகடு, பட்டன், அடி. ஒருவன் ஒரே அசைவைச் செய்துகொண்டிருந்தால் உடம்பு அதைத் தாலாட்டாக எடுத்துக்கொள்ளும். எதிர் மிஷின்காரர்கள் அவர் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தார்கள். முகம் சாந்தமாக இருந்தது என்று பின்னால் எல்லாருமே சொன்னார்கள்.

சத்தம் எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. அதே அடிதான்.

மணிவேல் ஓடிவந்து மெயினை அணைத்தார். துணியைச் சுற்றினார். அப்புறம், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பட்டனில் இருந்த ஆப்பைப் பிடுங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அது ஆடிட் நாள் பழக்கம். யாராவது பெரியவர்கள் வருவார்கள் என்றால் கை தானாக அதைச் செய்யும். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தபோது இரண்டு பட்டன்களும் விதிப்படி சுத்தமாக இருந்தன.

ஆம்புலன்சில் ஏற்றும்போது பிரேம்குமார் மணிவேலின் சட்டையை இடது கையால் பிடித்தார். "புங்கமரத்தாண்ட ஒருத்தன் தூங்கறான். தொட்டு எழுப்பு. வேஸ்ட்டு வெக்காத."

ஓசூர் ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்த மறுநாள், பழக்கூடையோடு பிரியதர்ஷினி மேடமும் பிளான்ட் மேனேஜர் சென்னகிருஷ்ணனும் வந்தார்கள். ரூபா எழுந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

"உடம்பப் பாத்துக்கோங்க பிரேம்" என்றார் மேனேஜர். "ஒண்ணே ஒண்ணு. நீங்க கண்ண மூடியிருந்ததா எல்லாரும் சொல்றாங்க. ஏன்?"

பிரேம்குமார் உத்தரத்தைப் பார்த்தார். தூக்கம் என்றால், ஏன் தூக்கம் என்பார்கள். டபுள் டூட்டி என்றால், ஆபரேட்டர் மிஷினில் லீடருக்கு என்ன வேலை என்பார்கள். அதற்குப் பதில் புங்கமரத்தடியில் முடியும். அத்தோடு கோவிந்தப்பன் காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். யோசிக்க அவருக்குக் கிடைத்த நேரத்தில், கண்ணை மூடுகிற மனிதர்களில் தூங்காதவர் யார் என்பதற்கு ஒரே ஒரு விடைதான் வந்தது.

"ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன் சார்."

ரூபா திரும்பிப் பார்த்தாள்.

"ஜெபமா?"

"அன்னிக்கு வகுப்பு எடுத்தாங்களே. அதுலருந்து மனசு அப்படி ஆயிட்டுது. ஆபரேட்டர டாய்லெட்டு அனுப்பிட்டு உக்காந்தேன். அப்படியே ஜெபத்துல..."

சென்னகிருஷ்ணன் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு நிம்மதி பரவியது. களைப்பு என்றால் அது கம்பெனியின் பொறுப்பு. பக்தி என்றால் அது தனிமனிதனுடையது. "மத விஷயத்துல கம்பெனி தலையிடாது பிரேம்" என்றார், மிகவும் மரியாதையாக.

அவர்கள் போனதும் ரூபா பழக்கூடையை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள். "நீ எந்தச் சாமிய நெனச்சுக்கினு இருந்த, நெசமாச் சொல்லு."

"எந்தச் சாமியும் இல்ல. தூங்கிட்டேன்."

"அத அவங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அந்தப் பையன் போயிருவான்."

"நம்ம போயிட்டமே. அது?"

அவர் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட கையை மூடினார். இதற்கொரு பதில் சொல்ல ஸ்டான்லி சாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

பொய்க்கு ஒரு சங்கடம் உண்டு. சொன்னவன் அதை நடத்திக் காட்ட வேண்டும். காலனி மாரியம்மன் திருவிழாவில் ரூபாவின் மாவிளக்குத் தட்டை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். "உங்களுக்குத்தான் வேற ஊடு கெடச்சிட்டுதே" என்றாள் அவள் நாத்தனார் நாராயணம்மா, சிரித்துக்கொண்டே. ரூபா மறு பேச்சு பேசவில்லை. பேசினால் உண்மை வெளியே வரும். உண்மை பர்கூரிலிருந்து சூளகிரிக்கு பஸ் பிடிக்க அதிக நேரம் ஆகாது. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாவு எறும்புக்குப் போயிற்று.

அதே வாரம், ஓசூர் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னச் சர்ச்சிலிருந்து இளம் போதகர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அடுத்த ஆராதனையில் பிரேம்குமார் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார். பிரேம்குமார் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஐயா, சாட்சி இருக்கட்டும். எலியா செடிக்கடியில தூங்கினாரே. அவரு வேலைய அந்நேரம் யாரு பாத்தாங்க?"

போதகர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பைபிளை எடுத்து, அந்த இடத்தைத் தேடி, உதடு அசையப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"யாரும் பாக்கலண்ணா" என்றார். "அப்படி ஒருத்தர் இதுல இல்ல. வேல நின்னுச்சு, அவ்வளவுதான். ஓய்வு நாள்னு ஒரு கட்டளை இருக்குது. அதுல வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, அன்னைக்கு ஊருக்கு வந்த அந்நியன், எல்லாத்தையும் சொல்லிருக்குது. யாருக்குப் பதிலா யாரும் செய்யணும்னு இல்ல. மொத்தமா நிறுத்தணும்."

"மிஷின?"

"அப்ப மிஷின் இல்லண்ணா. இருந்தா அதையுந்தான் சொல்லியிருப்பாங்க."

பிரேம்குமார் தலையை ஆட்டினார். மெயின் சுவிட்ச் அவர் உட்கார்ந்த மிஷினிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. அதை அணைக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அந்த ஹாலில் கைதட்டிய ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வகுப்பின் போட்டோக்களைப் பார்த்துத் திருப்தி தெரிவித்திருந்தார்கள்.

போதகர் ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார். சாட்சி என்று மறுபடியும் கேட்கவில்லை. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்; ஆனால் புரிந்ததை அவர் வெளியே சொல்லவில்லை. இந்த விவகாரம் முழுக்க வாயைக் கட்டிய ஒரே வெளியாள் அவர்தான்.

கம்பெனி பிரேம்குமாருக்குக் கேட்டில், ராமப்பனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டது. உள்ளே போகிற வண்டிக்குக் கயிற்றை இழுத்துக் கட்டையைத் தூக்குகிற வேலை. இடது கை போதும். ராமப்பன் தினமும் "ஊட்டா ஆயித்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பார், அப்புறம் ஜெபத்தைப் பற்றி ஆரம்பிப்பார். பிரேம்குமார் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் கோவிந்தப்பனின் வேலைக்காக. ஆடி மாதம் வருவதற்குள் கம்பெனி அந்தக் கான்ட்ராக்டரையே மாற்றியது. பழையவரின் ஆட்கள் மொத்தமாக வெளியே போனார்கள், தூங்கியவன் தூங்காதவன் என்கிற பேதம் எதுவும் இல்லாமல். கோவிந்தப்பன் கேட்டில் நின்று, அவர் கையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து, "வரண்ணா" என்றான். பிரேம்குமார் அவனுக்காகக் கட்டையைத் தூக்கினார். நடந்து போகிறவனுக்கு அது தேவையே இல்லை.

இப்போது அவன் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேறொரு பிரஸ் ஷாப்பில் இருக்கிறான். அதனால்தான் இதையெல்லாம் இனிமேல் சொல்லலாம். அங்கேயும் இரண்டு பட்டன்தான்; ஆப்பு மட்டும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்களாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போன் செய்தான்.

"அண்ணா, நாளைக்கு மிஷினுக்குப் பொட்டு வெக்கறாங்க. உங்க ஞாயிறு எங்கிட்டயே நிக்குது. எப்படித் தீக்கறதுன்னு தெரியல. நீங்களும் இப்ப மிஷினுல இல்ல."

பிரேம்குமார் யோசித்தார். பின்னால் ராமப்பன் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு செய். ஒரு ஞாயித்துக்கெழம டூட்டிக்குப் போவாத. படுத்துத் தூங்கு. நடுவுல எந்திரிச்சுத் தின்னு, மறுபடி தூங்கு. அது எங்கணக்குல வந்துரும்."

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதான்."

"சரிண்ணா. இந்த ஞாயிறே தீத்துடறேன்."

அந்த ஞாயிறு அவனுக்கு மாற்று ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஓ.டி. தீபாவளி வார ஞாயிறு ஆர்டர் அவசரம். ஒவ்வொரு தடவையும் மறக்காமல் போன் செய்து சொல்கிறான். ரூபா போனை எடுத்து அவர் காதில் வைக்கிறாள். பின்னால் பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்கிறது.

"இந்த வாரமும் ஆவலண்ணா. அடுத்த வாரம் பாப்போம்."